வகுப்பறைத் தொழில்நுட்பத்தில் ஆசிரியர் தமக்கென இலக்கு வகுப்பது எப்படி? – புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கல்வியாண்டு தொடங்கும்போது, "இந்த ஆண்டு வகுப்பில் தொழில்நுட்பத்தை அதிகமாகப் பயன்படுத்துவேன்" என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும் ஆசிரியர்கள் பலர் உண்டு. எண்ணம் நல்லதுதான். ஆனால் ஆண்டு முடிவில் அது நிறைவேறியதா இல்லையா என்று எவராலும் சொல்ல முடியாது. எத்தனை பாடவேளைகளில் பயன்படுத்தினால் அது அதிகம்? பயன்படுத்தியதால் எந்த மாணவருக்கு எது விளங்கியது? இவ்விரு கேள்விகளுக்கும் இடம் தராத வாக்கியம், நாளைக் காலை வகுப்புக்குள் நுழையும் ஆசிரியருக்கு எந்த வழியையும் காட்டாது.

புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களையும், பல ஆண்டுகள் கற்பித்த பின்னர் இப்போதுதான் இக்கருவிகளின் பக்கம் திரும்புபவர்களையும் மனத்தில் கொண்டு இக்கட்டுரையை எழுதுகிறேன். இதில் நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றே: இலக்கு, கருவியிலிருந்து பிறக்கக் கூடாது, மாணவர்கள் பாடத்தில் எங்கே தடுமாறி நிற்கிறார்களோ அங்கிருந்து பிறக்க வேண்டும். எந்தச் செயலி, எந்தத் திரை என்பவை அதற்குப் பின்னர் வரும் வேலைகள்.

முதல் வேலை: தடுமாறும் இடத்தைக் கண்டறிதல்

நீங்கள் கற்பிக்கும் பாடத்தில் ஓர் அலகை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அலகுக்குச் சென்ற முறை நடந்த தேர்வின் விடைத்தாள்களையோ வகுப்புப் பயிற்சி ஏடுகளையோ முன்னால் வைத்துக்கொண்டு, பெரும்பாலோர் தவறிய வினா எது என்று முதலில் பாருங்கள். பிறகு அவர்கள் எப்படித் தவறினார்கள் என்று பாருங்கள். இரண்டாவது பார்வையே இலக்கைத் தரும். எடுத்துக்காட்டாக, தொடராக இணைத்த இரண்டு விளக்குகளில் முதல் விளக்கைத் தாண்டியதும் மின்னோட்டம் குறைந்துவிடும் என்று எழுதும் மாணவர் கணக்கில் பிழை செய்யவில்லை. மின்னோட்டம் விளக்கிலேயே செலவழிந்துவிடுகிறது என்று அவர் உறுதியாக நம்புகிறார். பல நாட்டு வகுப்பறைகளில் பதிவான இந்தத் தவறான கருத்து, வாய்பாட்டை இன்னொரு முறை பலகையில் எழுதுவதால் மறையாது. மின்னோட்டம் சுற்று முழுவதும் ஒரே அளவில் இருப்பதை அவர் தம் கண்ணால் கண்டாக வேண்டும்.

தடுமாற்றங்களைப் பட்டியலிட்ட பின், அவற்றுள் எவை தொழில்நுட்பத்தால் தீரக்கூடியவை என்று பிரித்தறிய வேண்டும். என் மதிப்பீட்டில் மூன்று வகைத் தடங்கல்களுக்கே அது உண்மையாக உதவுகிறது. முதலாவது, பார்க்க முடியாததைப் பற்றிய தடங்கல். மூலக்கூறுகளின் அசைவு, சுற்றில் ஓடும் மின்னோட்டம், சாய்வு மாற மாறக் கோடு திரும்பும் விதம் போன்றவற்றை நிலையான படம் ஓரளவுக்கு மேல் காட்டாது. இரண்டாவது, பின்னூட்டம் தாமதமாகும் தடங்கல். திங்களன்று எழுதிய பயிற்சியின் பிழை அடுத்த வாரம் தெரியவரும்போது, அந்த மாணவர் எந்த எண்ணத்தில் அதை எழுதினார் என்பதை அவரே மறந்திருப்பார். மூன்றாவது, சிலருடைய குரல் மட்டும் கேட்கும் தடங்கல். கேள்வி கேட்டவுடன் உயரும் கைகள் பெரும்பாலும் அதே நான்கைந்து பேருடையவை. மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது தேர்வு வரை வெளிப்படுவதே இல்லை.

உங்கள் பட்டியலில் உள்ள தடங்கல் இம்மூன்றிலும் அடங்கவில்லை என்றால், அதற்குக் கருவி தேடி அலைய வேண்டாம். முந்தைய வகுப்பில் கற்றிருக்க வேண்டிய ஓர் அடிப்படை விடுபட்டிருப்பதால் தடுமாறும் மாணவருக்குத் தேவைப்படுவது, அருகில் அமர்ந்து அந்த அடிப்படையைக் கற்பிக்கும் ஆசிரியர். அது வேறு வகை இலக்கு; அதையும் எழுதி வையுங்கள், ஆனால் இந்தத் தாளில் அல்ல.

இரண்டாவது வேலை: கையில் இருப்பதைக் கணக்கிடுதல்

இதற்கு அதிக நேரம் தேவையில்லை. வகுப்பில் உண்மையில் இயங்கும் கருவிகள் எத்தனை, மின்சாரமும் இணையமும் எந்த அளவுக்கு நம்பத்தக்கவை, கணினி அறை உங்களுக்குக் கிடைக்கும் பாடவேளைகள் எவை, மாணவர் கைப்பேசி பற்றிப் பள்ளியின் விதி என்ன, வீட்டில் இணையம் இல்லாத மாணவர்கள் யார் யார் என்பவற்றை ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கடைசியாகச் சொன்னதை மட்டும் ஊகிக்காமல், ஒவ்வொரு மாணவரிடமும் தனியாகவும் மென்மையாகவும் கேட்டறிய வேண்டும்.

உங்கள் சொந்தத் திறனை அளந்துகொள்ள ஆயத்தச் சட்டகங்கள் உள்ளன. ஆசிரியர்களுக்கான தகவல் தொழில்நுட்பத் திறன் சட்டகத்தின் மூன்றாம் பதிப்பை யுனெஸ்கோ 2018-இல் வெளியிட்டது; அது ஆறு கூறுகளையும் மூன்று நிலைகளையும் கொண்டு 18 திறன்களை வரையறுக்கிறது. ஐரோப்பிய ஆணையத்தின் சார்பில் 2017-இல் வந்த டிஜிகாம்ப்-எடு சட்டகம் ஆறு பகுதிகளில் 22 திறன்களைக் கூறி, தொடக்கநிலையாளரிலிருந்து முன்னோடி வரை ஆறு படிநிலைகளாகப் பிரிக்கிறது. இவற்றைப் படித்து, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று அறிந்துகொள்வது பயனுள்ளது. ஆனால் அவற்றிலிருந்து ஒரு வரியை அப்படியே எடுத்து உங்கள் இலக்காக வைத்துக்கொள்ள நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை எல்லா ஆசிரியர்களுக்கும் பொதுவாக எழுதப்பட்டவை, உங்கள் வகுப்பின் விடைத்தாள்களை அவை பார்த்ததில்லை.

இதைவிட எளிய சோதனை ஒன்று உண்டு. புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் 2006-இல் முன்வைத்த டிபேக் என்னும் சட்டகம், ஆசிரியரின் அறிவைப் பாட அறிவு, கற்பிக்கும் முறை பற்றிய அறிவு, தொழில்நுட்ப அறிவு என மூன்றாகக் கண்டு, அவை ஒன்றோடொன்று கலக்கும் இடமே முக்கியம் என்கிறது. தேர்ந்தெடுத்த அலகைப் பொறுத்தவரை இம்மூன்றில் உங்களிடம் எது மெலிந்திருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். கருவியை இயக்கத் தெரியும், ஆனால் அதைக் கொண்டு எந்தக் கேள்வியைக் கேட்பது என்று தெரியவில்லை என்ற விடை வந்தால், உங்களுக்கு வேண்டியது இன்னொரு மென்பொருள் பயிற்சி அல்ல. அந்தப் பாடத்தை நன்கு கற்பிக்கும் ஒரு மூத்த ஆசிரியருடன் ஒரு மணி நேரப் பேச்சு.

மூன்றாவது வேலை: இலக்கை வாக்கியமாக எழுதுதல்

இதுதான் நடுநாயகமான வேலை. இதற்கு ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். ஜார்ஜ் டோரன் என்பவர் 1981-இல் மேலாண்மைத் துறைக்காக எழுதிய "ஸ்மார்ட்" முறை இன்று பள்ளிகளிலும் பரவலாகக் கையாளப்படுகிறது: இலக்கு குறிப்பானதாகவும் அளக்கக்கூடியதாகவும் காலவரம்பு உள்ளதாகவும் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். வகுப்பறைக்கு இது மட்டும் போதாது. "வாரம் இருமுறை புரொஜெக்டரைப் பயன்படுத்துவேன்" என்ற வாக்கியம் குறிப்பானது, அளக்கவும் முடியும், காலவரம்பும் உண்டு. ஆயினும் அதில் மாணவரே இல்லை. ஆகவே, வாக்கியத்தின் எழுவாய் மாணவராக இருக்கட்டும் என்பதை நான் கட்டாய விதியாகவே வைப்பேன்.

ஒரு கணித ஆசிரியரின் வாக்கியத்தைத் திருத்திப் பார்ப்போம். அதில் வரும் ஜியோஜீப்ரா, கோடுகளைத் திரையில் வரைந்து காட்டும் ஒரு கணித மென்பொருள்; அதன் ஸ்லைடர் என்னும் நகர்த்தியை இழுத்தால் சமன்பாட்டின் எண்ணும் அதனோடு கோடும் உடனே மாறும். அவர் முதலில் எழுதியது: "நேர்கோட்டுச் சமன்பாடுகளுக்கு ஜியோஜீப்ராவைப் பயன்படுத்துவேன்." விடைத்தாள்களைப் பார்த்த பின் அவருக்குத் தெரிவது, மாணவர்கள் புள்ளிகளைக் குறித்துக் கோடு வரைகிறார்கள், ஆனால் சாய்வு எதிர்மறையானால் கோடு எப்படி விழும் என்று வரையாமல் சொல்ல அவர்களால் முடியவில்லை என்பது. இப்போது வாக்கியம் இப்படி மாறுகிறது: "இந்த அலகின் முடிவில், சமன்பாட்டை மட்டும் பார்த்துவிட்டுக் கோட்டின் போக்கை என் மாணவர்களில் நான்கில் மூன்று பங்கினர் வரையாமலே விளக்குவார்கள்; அதற்காக அவர்கள் இரண்டு பாடவேளைகளில் ஜியோஜீப்ராவின் ஸ்லைடரை நகர்த்தி, முதலில் ஊகித்துப் பின்னர் சரிபார்க்கும் பயிற்சியைச் செய்வார்கள்; அலகுக்கு முன்னும் பின்னும் ஒரே வகையான ஐந்து வினாக்களால் இதை அளப்பேன்." நீளமான வாக்கியம்தான். ஆனால் என்ன தடங்கல், எந்தக் கருவி, எவ்வளவு நேரம், எதை வைத்து அளப்பது என்பவை அனைத்தும் அதில் உள்ளன. "முதலில் ஊகித்து" என்ற இரண்டு சொற்களை விட்டுவிடாதீர்கள்; ஊகிக்காமல் ஸ்லைடரை நகர்த்தும் மாணவர் கோடு ஆடுவதைப் பார்த்து மகிழ்வார், கற்பது மிகக் குறைவு.

எண் இலக்கை எவ்வளவு உயரத்தில் வைப்பது என்ற ஐயம் எல்லோருக்கும் எழும். உளவியலாளர்கள் எட்வின் லாக், கேரி லேத்தம் ஆகியோரின் பல்லாண்டு ஆய்வுகள், "இயன்றதைச் செய்" என்பதைவிடக் குறிப்பானதும் சற்றுக் கடினமானதுமான இலக்கே சிறந்த செயல்பாட்டைத் தருகிறது என்று காட்டின. அதே ஆய்வு மரபு இன்னொன்றையும் கூறுகிறது: வேலை முற்றிலும் புதியதாகவும் சிக்கலானதாகவும் இருக்கும்போது, விளைவை எண்ணால் குறிக்கும் இலக்கைவிட "இதைச் செய்யும் வழிகளைக் கண்டறிவேன்" என்னும் கற்றல் இலக்கே பொருத்தமானது. எனவே ஒரு கருவியை முதன்முதலாகக் கையில் எடுப்பவர், முதல் பருவத்தில் எண்ணை வைக்காமல், "ஊகித்துச் சரிபார்க்கும் பயிற்சியில் மாணவர்கள் எங்கே குழம்புகிறார்கள் என்று மூன்று காரணங்களைக் கண்டறிந்து எழுதுவேன்" என்று வைத்துக்கொள்வது முறையான தொடக்கமே. இங்கு மட்டும் எழுவாய் ஆசிரியராக இருக்கலாம்.

ஒரு பருவத்துக்கு ஓர் இலக்கு போதும். ஆர்வம் மிகுந்தவர்கள் ஐந்தாறு எழுதுவார்கள். அவற்றில் எதையும் சரியாகப் பின்தொடர முடியாமல் போகும்.

நான்காவது வேலை: கருவியைத் தேர்தல்

புதிய கருவியைத் தேடுவதற்கு முன், ஏற்கெனவே உங்களுக்குத் தெரிந்த ஒன்றால் இலக்கு நிறைவேறுமா என்று பாருங்கள். யுனெஸ்கோவின் 2023-ஆம் ஆண்டு உலகளாவிய கல்விக் கண்காணிப்பு அறிக்கை, கல்வித் தொழில்நுட்பப் பொருள்கள் சராசரியாக 36 மாதங்களுக்கு ஒருமுறை மாறிவிடுகின்றன என்று குறிப்பிடுகிறது. கருவியைக் கற்கச் செலவிடும் உழைப்பு விரைவில் பழையதாகிவிடும் என்பதால், அந்த உழைப்பைச் சிக்கனமாகச் செய்வதே நல்லது.

நீண்ட காலமாக நிலைத்து, இலவசமாகவும் கிடைக்கும் கருவிகள் சில உள்ளன. மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் 2001-இல் தொடங்கிய ஜியோஜீப்ரா கணிதத்திற்கு உரியது. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் திட்டத்தின் மெய்நிகர் சோதனைகள் அறிவியலுக்கும் கணிதத்திற்கும் உதவுகின்றன; முன்னர்ச் சொன்ன மின்சுற்றை மாணவர்களே இணைத்துப் பார்க்கும் சோதனையும் அவற்றுள் உண்டு. இவற்றில் பலவற்றை முன்கூட்டியே பதிவிறக்கி வைத்து, இணையம் இல்லாமலும் இயக்கலாம். மாணவர்களிடம் கருவியே இல்லாத வகுப்பில், ஒவ்வொருவர் கையிலும் குறியீடு அச்சிட்ட ஓர் அட்டையைக் கொடுத்து, அவர்கள் தூக்கிப் பிடிக்கும் விடைகளை ஆசிரியரின் ஒரே கைப்பேசியால் படித்துத் தொகுக்கும் பிளிக்கர்ஸ் போன்ற முறைகள் கைகொடுக்கும்.

தேர்ந்த கருவியை வகுப்புக்குக் கொண்டுபோகும் முன் சிலவற்றைத் தவறாமல் பார்க்க வேண்டும். மாணவர் கணக்குத் தொடங்க வேண்டுமா, அப்படியானால் எந்தத் தகவல்களைக் கேட்கிறது? பல சேவைகள் 13 வயது நிறைந்தவர்களுக்கு மட்டுமே கணக்குத் தருகின்றன. உங்கள் மாணவர்கள் அதற்கு இளையவர்கள் என்றால், வயதை மாற்றிப் பதிவுசெய்யச் சொல்வது அவர்களுக்கு நாமே பொய் கற்பிப்பதாகும். பார்வைக் குறைபாடுள்ள மாணவர் திரையைப் படிக்க இயலுமா? இணைய உள்ளடக்க அணுகல் நெறிமுறைகள் சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளிர்வு வேறுபாட்டு விகிதத்தைக் கேட்கின்றன. மஞ்சள் பின்னணியில் வெள்ளை எழுத்து இந்த அளவை எட்டாது. காணொளியில் துணை எழுத்துகள் உள்ளனவா? படங்களையும் பாடப்பொருள்களையும் எடுத்தாள உரிமம் அனுமதிக்கிறதா?

உரையாடும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆக்கச் செயற்கை நுண்ணறிவு குறித்து 2023-இல் யுனெஸ்கோ வெளியிட்ட வழிகாட்டுதல், வகுப்பறையில் அவற்றைப் பயன்படுத்தக் குறைந்தபட்ச வயது வரம்பாக 13-ஐ முன்மொழிந்தது. தொடக்கநிலையில் உள்ள ஆசிரியர் அவற்றை முதலில் தம் தயாரிப்புக்கு மட்டும், எடுத்துக்காட்டாக ஒரே கருத்தைச் சோதிக்கும் வினாக்களின் வரைவுகளைப் பெறுவதற்கு, பயன்படுத்துவது போதும். விடைகளில் பிழை இருக்கும் என்பதால் ஒவ்வொன்றையும் தாமே செய்து பார்க்க வேண்டும். மாணவர் பெயரையும் மதிப்பெண்ணையும் அவற்றில் இடவே கூடாது.

ஐந்தாவது வேலை: கால அட்டவணைக்குள் கொண்டுவருதல்

எழுதிய இலக்குகள் கைவிடப்படுவதற்குப் பெரும்பாலும் காரணம் அக்கறையின்மை அல்ல. எப்போது செய்வது என்று குறிக்காமல் விட்டதுதான். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் தொகுத்துக் காட்டிய ஆய்வுகளின்படி, "இந்தச் சூழல் வரும்போது இதைச் செய்வேன்" என்று முன்னதாகவே முடிவுசெய்துகொள்பவர்கள், வெறுமனே நினைத்துக்கொள்பவர்களைவிடத் தம் எண்ணத்தை அதிகம் நிறைவேற்றுகிறார்கள். எனவே, "செவ்வாய்க்கிழமை மூன்றாம் பாடவேளையில், வருகைப் பதிவு முடிந்தவுடன், முதல் வினாவைத் திரையில் காட்டுவேன்" என்று பாடக்குறிப்பிலேயே எழுதுங்கள்.

ஒத்திகை அந்த வகுப்பறையிலேயே, அந்தக் கருவியிலேயே, மாணவர் கணக்கில் உள்நுழைந்தே நடக்க வேண்டும். ஆசிரியர் கணக்கில் தெரியும் பொத்தான் மாணவர் திரையில் தெரியாமல் போவது அடிக்கடி நிகழும். கடைசி வரிசை இருக்கையில் அமர்ந்து எழுத்து படிக்கும் அளவில் உள்ளதா என்று பாருங்கள். மின்சாரமோ இணையமோ நின்றுபோனால் அதே பாடத்தைத் தாளிலும் பலகையிலும் நடத்தும் மாற்றுக் குறிப்பு ஒன்று கையில் இருக்கட்டும். இருவருக்கு ஒரு கருவி என்றால், யார் இயக்குவது, யார் குறிப்பெடுப்பது, எத்தனை நிமிடத்தில் இடம் மாறுவது என்பதை முன்னதாகவே அறிவித்துவிடுங்கள். இல்லாவிட்டால் துணிச்சல் மிகுந்தவர் கையிலேயே கருவி கடைசி வரை இருக்கும்.

சிலருடைய குரல் மட்டும் கேட்கும் தடங்கலைத் தேர்ந்தவர்களுக்கு, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்த எரிக் மசூர் 1991-இல் தொடங்கிய முறை ஆயத்தமான வழி. கருத்தைச் சோதிக்கும் ஒரு வினாவைக் கேட்டு, ஒவ்வொருவரும் தனியாக விடையைப் பதிவுசெய்ய வேண்டும். சரியான விடை அளித்தோர் ஏறத்தாழ 30 முதல் 70 விழுக்காட்டுக்குள் இருந்தால், விடையை வெளியிடாமல், பக்கத்தில் இருப்பவருடன் விவாதிக்கச் சொல்லி மீண்டும் பதிவுசெய்யச் சொல்ல வேண்டும். அதற்குக் கீழே என்றால் கருத்தை மறுபடியும் கற்பிக்க வேண்டும். மேலே என்றால் சுருக்கமாக விளக்கிவிட்டு அடுத்ததற்குச் செல்லலாம். இதில் கருவி செய்யும் வேலை எண்ணுவது ஒன்றே. வந்த எண்ணைப் பார்த்து, அடுத்த பத்து நிமிடம் எதைச் செய்வது என்று அங்கேயே முடிவெடுப்பது ஆசிரியரின் வேலை. ஆகவே இம்முறையைத் தேர்ந்தவர் இலக்கில், "வாக்கெடுப்பு நடத்துவேன்" என்பதோடு நிறுத்தாமல், "வாக்கின் முடிவைக் கொண்டு பாடத்தின் அடுத்த அடியை மாற்றுவேன்" என்றும் சேர்த்து எழுத வேண்டும்.

ஆறாவது வேலை: சான்று சேர்த்தல்

புதிய கருவி வந்த முதல் சில வகுப்புகளில் மாணவர்கள் உற்சாகமாக இருப்பார்கள். அந்த உற்சாகத்தைக் கற்றலாக எண்ணிவிடக் கூடாது. புதுமை தேய்ந்த பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதே பார்க்க வேண்டியது. பாடம் முடிந்தவுடன் வைக்கும் சோதனையும் ஓரளவுக்கு ஏமாற்றும். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கேயும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த சோதனையிலோ, படித்ததை நினைவிலிருந்து எடுத்து எழுதிப் பழகியவர்களே முந்தினார்கள். ஆகையால் இறுதி அளவீட்டை அலகு முடிந்து இரண்டு மூன்று வாரங்களுக்குப் பின்னர் வையுங்கள். அந்த அளவீடு கருவி இல்லாமல், தாளில் நடக்கட்டும். ஸ்லைடர் கையில் இல்லாதபோதும் கோட்டின் போக்கைச் சொல்ல முடிகிறதா என்பதே நம் கேள்வி.

மதிப்பெண்ணோடு இன்னும் இரண்டைச் சேர்த்தால் போதும். நன்றாகப் படிப்பவர், நடுத்தரமானவர், சிரமப்படுபவர் என மூவரின் பயிற்சித் தாள்களை முன்னும் பின்னும் எடுத்து வையுங்கள். சராசரி உயர்ந்திருந்தும் மூன்றாமவர் தாளில் மாற்றமே இல்லை என்றால், இலக்கு நிறைவேறியதாக நான் கருத மாட்டேன். அடுத்து, ஒவ்வொரு முறையும் கருவியை ஆயத்தம் செய்யவும் கடவுச்சொல் சிக்கல்களைத் தீர்க்கவும் எத்தனை நிமிடம் போனது என்று குறித்து வாருங்கள். நாற்பது நிமிடப் பாடவேளையில் பதினைந்து நிமிடம் அதற்கே செல்கிறது என்றால், கிடைத்த பயன் அந்த விலைக்குத் தகுமா என்பதை எண்களைப் பார்த்தே சொல்லிவிடலாம். இயன்றால் சக ஆசிரியர் ஒருவரை ஒரு பாடவேளைக்கு அழைத்து, கருவியைத் தொடாத மாணவர்கள் அந்த நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்பதை மட்டும் கவனித்துச் சொல்லக் கேளுங்கள்.

ஏழாவது வேலை: தொடர்வதா, மாற்றுவதா, விடுவதா

பருவ முடிவில் இம்மூன்றில் ஒன்றைத் தெளிவாக எழுத வேண்டும். தொடர்வது என்றால், அடுத்த முறை எந்த அலகில் என்று குறிப்பிடுங்கள். மாற்றுவது என்றால், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கருவியையும் வினாக்களையும் நேரத்தையும் ஒருங்கே மாற்றினால், எதனால் பயன் வந்தது என்று அறிய வழியில்லை. விடுவது என்றால் தயங்காமல் விடுங்கள், காரணத்தையும் எழுதுங்கள். சான்றைப் பார்த்து ஒரு கருவியை ஒதுக்கிய ஆசிரியர் தம் இலக்கை முழுமையாகவே நிறைவேற்றியவர். மாணவர்களின் நேரம் அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கிறது. ரூபென் புவென்டெடுராவின் சாமர் மாதிரி, பழைய வேலைக்குக் கருவியை மாற்றாக வைப்பது முதல் முன்பு இயலாத வேலையைச் செய்வது வரை நான்கு நிலைகளைக் கூறுகிறது. ஆண்டுதோறும் அதன் மேல்நிலைக்கு ஏறியே ஆக வேண்டும் என்று சிலர் வற்புறுத்துவார்கள். அப்படி ஏற வேண்டிய கட்டாயம் ஏதும் இல்லை. தாளுக்குப் பதிலாகத் தானே திருத்தும் வினாத்தாளைக் கொடுப்பது அம்மாதிரியின் கீழ்நிலைகளில்தான் அடங்கும். ஆயினும் உங்கள் தடங்கல் பின்னூட்டத் தாமதம் என்றால், அதுவே சரியான தேர்வு.

முடிவை எழுதிய தாளில், இலக்கு வாக்கியம், முன் அளவீடு, பின் அளவீடு, செலவான நிமிடங்கள், மூன்று மாணவர்களைப் பற்றிய பெயரில்லாக் குறிப்பு, அடுத்த பருவத்தில் இதே அலகைத் தொடங்கும் தேதி ஆகியவற்றைச் சேர்த்து, அந்த அலகின் பாடக்குறிப்போடு இணைத்து வைத்துவிடுங்கள். அடுத்த இலக்கை எழுத உட்காரும்போது முதலில் எடுக்க வேண்டிய தாள் அது.